அறிவியல் அறிஞர் யூஜின் விக்னர்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே, டான்யூப் ஆற்றின் இருகரையிலும் பரந்து விளங்குவது புடாபெஸ்ட் மாநகரம். ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய அவ்வூரில் 1902ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள் யூஜின் விக்னர் பிறந்தார். அந்நாட்டார் குடிப்பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் வைத்து வழங்குவர். ஆகவே பிறந்த மண்ணில் அவர் பெயர் விக்னர் யெனோ என்பதாகும். தந்தையார் அண்டால் விக்னர் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர். தமக்கை ஒருவரும் தங்கை ஒருவரும் அவருக்கு உடன்பிறந்தோர். குடும்பத்தார் யூத மரபினர். வளமான நடுத்தர வாழ்வினர்.

பதினோராம் வயதில் அச்சிறுவருக்குக் காசநோய் கண்டிருப்பதாக மருத்துவர் கூறினர். அந்நாளில் காசநோய் என்பது பெரும்பாலும் சாவுக்கு அழைப்பாகவே இருந்தது. ஆஸ்திரிய நாட்டு மலைப்பகுதியிலிருந்த மருத்துவ விடுதி ஒன்றுக்கு அவரை அனுப்பினர். சாய்வு நாற்காலியில் நாள் முழுதும் படுத்திருப்பதே அங்கு மருந்து. அப்படிப் படுத்திருந்த சிறுவர் தமக்குத் தாமே ஒரு கணக்கை விதித்துக் கொண்டார். ஒரு முக்கோணத்தின் மூன்று உயரங்கள் மட்டும் தெரிந்தால் அம்முக்கோணத்தை வரைவது எவ்வாறு என்பது அக்கணக்கு. நோயை மறந்து அதிலேயே மூழ்கிக் கிடந்தார். ஆறு வாரங்களுக்குப் பின்னர், முதலில் சொன்னது பிழை, காசநோய் இல்லை என்று தெரிய வந்தது. நோய் பொய்யாயிற்று, கணக்கின்மீது கொண்ட காதலோ மெய்யாகவே நிலைத்துவிட்டது.

பின்னர் அவர் புடாபெஸ்டின் புகழ்மிக்க லூத்தரன் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே கணிதம் கற்பித்தவர் லாஸ்லோ ராட்ஸ் என்னும் நல்லாசிரியர். மாணவரின் ஆற்றலறிந்து தம்மிடமிருந்த நூல்களை ஒவ்வொன்றாக இரவல் கொடுத்து ஊக்கினார் அவர். தாம் கண்ட ஆசிரியருள் தலைசிறந்தவர் அவரே என்று முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார் விக்னர். அப்பள்ளியிலேயே ஓராண்டு கீழ் வகுப்பிற் பயின்றவர் ஜான் வான் நியூமன். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அக்கணித மேதையின் அறிவு வேகத்தைக் கண்ட விக்னர், தாம் கணித அறிஞராவதற்குப் பிறந்தவரல்லர் என்று கருதி இயற்பியலின்பால் மனத்தைத் திருப்பினார் என்பர்.

1919ஆம் ஆண்டு ஹங்கேரியில் ஆட்சி மாறியது. பேலா குன் என்பாரின் தலைமையில் அமைந்த பொதுவுடைமை அரசு தொழிற்சாலைகளைக் கைப்பற்றியது. மேலாளராயிருந்த தந்தையார் குடும்பத்தோடு ஆஸ்திரியாவுக்குச் சென்று, சில திங்களில் அவ்வரசு வீழ்ந்தபின் திரும்பினார். வீடும் நாடும் ஒரே நாளில் கைநழுவிப் போகலாம் என்பதைப் பதினாறு வயதிலேயே விக்னர் கண்டார்.

பள்ளிப்படிப்பு முடிந்தது. மேலே என்ன செய்யப் போகிறாய் என்று தந்தையார் வினவினார். இயற்பியல் அறிஞனாக வேண்டும் என்றார் மைந்தர். அத்துறையில் ஹங்கேரி நாடு முழுதும் எத்தனை பதவிகள் உள்ளன என்று கேட்டார் தந்தையார். நான்கு என்று மைந்தர் சற்றே கூட்டிச் சொன்னார். அந்நான்கில் ஒன்று உனக்குக் கிடைக்கும் என்று நம்புகிறாயா என்று அடுத்த வினா வந்தது. இதற்கு என்ன விடை கூறுவது? தந்தையாரின் விருப்பப்படி, தோல் தொழிலுக்குத் துணையாகும் வேதிப் பொறியியல் பயில விக்னர் இசைந்தார். இன்று இதனைப் படிக்கும் மாணவர் தந்தையாரைக் குறைகூற முற்படலாம். அது நேர்மையன்று. மகன் பட்டினி கிடக்கலாகாது என்று எண்ணிய தந்தையின் கணக்கும் ஒரு கணக்கே.

1921இல் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்த விக்னர், பகலில் வேதியியல் ஆய்வறையில் உழைத்தார். ஆயினும் வாரத்தில் ஒருநாள் மாலையில் அவரை அங்குக் காண இயலாது. அன்று ஜெர்மானிய இயற்பியற் கழகத்தின் கூட்டம் நடைபெறும். முன் வரிசையில் ஐன்ஸ்டைன், பிளாங்க், லாவே, நெர்ன்ஸ்ட் முதலிய பேரறிஞர் வீற்றிருப்பர். பின் வரிசையில் அமர்ந்த அயல்நாட்டு இளைஞர் ஒருவர் ஒரு சொல்லும் தவறவிடாது கேட்டுக் கொண்டிருப்பார். அவரே விக்னர். லியோ சிலார்ட் என்னும் மற்றொரு ஹங்கேரியரின் நட்பும் அங்கேதான் வாய்த்தது. மைக்கேல் போலான்யி என்பாரின் வழிகாட்டலில், மூலக்கூறுகள் எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு சிதைகின்றன என்பதை ஆராய்ந்து 1925இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவர் சொன்ன சொல் தவறாது ஊர் திரும்பித் தந்தையாரின் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். சுண்ணாம்புத் தொட்டிகளும் தோல் நாற்றமும் சூழ்ந்த அவ்விடத்துக்கும் ஜெர்மனியிலிருந்து இயற்பியல் இதழ் தவறாது வந்து கொண்டிருந்தது. அணுவினுள் நிகழ்வனவற்றை விளக்கக் குவாண்டம் இயக்கவியல் என்னும் புதிய அறிவியல் அவ்விதழின் பக்கங்களிலே பிறந்து கொண்டிருந்தது. விக்னரின் உள்ளம் தொழிற்சாலையில் இல்லை. 1926இல் பெர்லினிலிருந்து உதவியாளர் பணிக்கு அழைப்பு வந்தபோது தந்தையார் தடை சொல்லவில்லை.

புதிய பணியில் அவருக்குத் தரப்பட்ட வினா படிகங்களைப் பற்றியது. உப்பும் கற்கண்டும் போன்ற படிகங்களில் அணுக்கள் அணிவகுத்து நிற்கின்றன. அவை சமச்சீரான இடங்களையே விரும்பி நிற்பது ஏன்? இதனை ஆராயப் புகுந்த விக்னர், சமச்சீரைப் பற்றிய கணிதமாகிய குலக்கொள்கையைக் கற்க நேர்ந்தது. கற்றதை அவர் படிகத்தோடு நிறுத்தவில்லை. அணுவுக்குள் சுழலும் எலெக்ட்ரான்களுக்கும் அதனைப் பொருத்தினார். ஐயம் எழுந்தபோதெல்லாம் பள்ளித் தோழர் நியூமன் வழிகாட்டினார். அக்காலத்து இயற்பியலார் பலர் இக்கணிதத்தைக் கொள்ளைநோய் என்று எள்ளினர். விக்னர் அதற்குக் கலங்காது 1931இல் அதனை விளக்கி ஒரு நூல் இயற்றினார். 1963இல் அவருக்கு நோபெல் பரிசு வாங்கித் தந்தது இச்சமச்சீர் ஆராய்ச்சியே.

இந்நாளில் செய்த மற்றொரு சிறு ஆராய்ச்சியை இங்கே மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வீணையின் தந்தி எல்லாச் சுருதியிலும் ஒலிப்பதில்லை. தனக்கே உரிய சில சுருதிகளில் மட்டுமே ஒலிக்கும். அதுபோலவே அணுவும் தனக்கே உரிய சில ஆற்றல் அளவுகளில் மட்டுமே நிற்கும். இவற்றை ஆற்றல் மட்டங்கள் என்பர். அணுவின் சூழ்நிலையைச் சிறிது சிறிதாக மாற்றினால் இம்மட்டங்கள் ஏறியும் இறங்கியும் இடம் பெயரும். ஏறுகின்ற ஒன்றும் இறங்குகின்ற ஒன்றும் எதிர்ப்பட்டால் என்னாகும்? ஒன்றையொன்று கடந்து செல்லும் என்றே எவரும் எண்ணுவர். அவ்வாறன்று, ஒரே வகைச் சமச்சீர் உடைய மட்டங்கள் நெருங்கி வந்து, தொடாமலே விலகிப் போகும் என்று 1929இல் விக்னரும் நியூமனும் காட்டினர். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் இவ்வுண்மை வேறோர் உருவில் மீண்டும் தலைகாட்டப் போகிறது.

1930இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகம் நியூமனையும் விக்னரையும் ஒருங்கே அழைத்தது. ஆண்டிற் பாதி அங்கும் பாதி பெர்லினிலுமாக விக்னர் பணியாற்றினார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்னும் காரணத்தால் பெர்லின் பதவி பறிபோயிற்று. சில ஆண்டுகளில் பிரின்ஸ்டன் பதவியும் நீட்டிக்கப்படவில்லை. விஸ்கான்சின் பல்கலைக் கழகம் அவருக்கு இடமளித்தது. அங்கே அமீலியா பிராங்க் என்னும் இயற்பியல் அறிந்த நங்கையை 1936 டிசம்பரில் மணந்தார். எட்டே திங்களில் அவ்வம்மையார் புற்றுநோயால் மறைந்தார். அத்துயர் நிறைந்த நகரில் தங்க மனமின்றி, 1938இல் மீண்டும் அழைத்த பிரின்ஸ்டனுக்கே சென்றுவிட்டார். பின்னர் 1941இல் மேரி வீலர் என்னும் இயற்பியல் ஆசிரியரை மணந்து, ஒரு மகனுக்கும் ஒரு மகளுக்கும் தந்தையானார். தங்கை மார்கிட், புகழ்பெற்ற ஆங்கில அறிஞர் டிராக்கை 1937இல் மணந்தார் என்பதும் அறியத்தக்கது.

இடையில் அறிவியல் உலகின் நாட்டம் அணுவிலிருந்து அதன் நடுவிலுள்ள அணுக்கருவுக்கு மாறியிருந்தது. மெல்ல வரும் நியூட்ரான்களை ஓர் அணுக்கருவின்மீது செலுத்தினால் அவற்றுட் சில விழுங்கப்படுகின்றன. சில விலகிச் செல்கின்றன. வரும் நியூட்ரானின் ஆற்றல், கருவின் ஆற்றல் மட்டம் ஒன்றோடு ஒத்திருந்தால் விழுங்குதல் மிகுதி, ஒவ்வாவிடின் குறைவு. இவ்வேற்றத் தாழ்வைக் கணிக்கும் வாய்பாட்டைப் பிரைட் என்பாரோடு சேர்ந்து 1936இல் விக்னர் வெளியிட்டார். இன்றும் அணுக்கரு ஆராய்வோர் நாள்தோறும் கையாளும் வாய்பாடு அது.

உலகப்போர் நெருங்கிற்று. யுரேனியத்தின் கருவைப் பிளக்கலாம் என்று ஜெர்மனியில் கண்டறிந்த செய்தி 1939இல் அமெரிக்காவை எட்டியது. ஹிட்லர் கையில் அணுகுண்டு சேர்ந்தால் உலகம் என்னாகும் என்று நடுங்கியோருள் சிலார்டும் விக்னரும் முன்னிற்போர். அவ்வாண்டு ஜூலையில் இருவரும் விக்னரின் காரில், லாங் ஐலண்டுக் கடற்கரையில் கோடையைக் கழித்துக் கொண்டிருந்த ஐன்ஸ்டைனைத் தேடிச் சென்றனர். வீடு தெரியாது அலைந்து, இறுதியில் ஒரு சிறுவன் வழிகாட்டக் கண்டடைந்தனர். அன்று ஐன்ஸ்டைன் ஜெர்மன் மொழியிற் சொல்லச் சொல்ல எழுதியவர் விக்னரே. அம்முயற்சியே பின்னர் ரூஸ்வெல்ட் தலைவருக்கு ஐன்ஸ்டைன் எழுதிய கடிதமாக வடிவெடுத்தது.

1942 டிசம்பர் 2ஆம் நாள் சிகாகோ நகரில் உலகின் முதல் அணு உலை இயங்கியது. பெர்மி அதனை நடத்தினார். வெற்றி உறுதி என்று நம்பிய விக்னர் முன்னரே வாங்கி வைத்திருந்த இத்தாலிய மதுப்புட்டியை அவர் கையிற் கொடுத்தார். கூடியிருந்தோர் காகிதக் குவளைகளில் ஊற்றி அமைதியாகப் பருகினர். பெரிய உலைகளை நீரால் குளிர்விக்கும் திட்டத்தை வகுத்தது விக்னரின் குழுவே. உலையினுள் அடுக்கப்படும் கிராபைட் கட்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் அவர் விடுத்தார். விரைந்து பாயும் நியூட்ரான்கள் மோதி, ஒழுங்காக நிற்கும் கரி அணுக்களைத் தம் இடத்திலிருந்து தள்ளிவிடும். ஒழுங்கு குலையக் குலைய அக்கட்டி வீங்கும். உள்ளே ஆற்றலும் சேர்ந்து பதுங்கியிருக்கும் என்று கணித்தார். அவர் சொன்னவாறே நிகழ்ந்தது. 1957இல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலையில், இவ்வாறு பதுங்கிய ஆற்றலை வெளியேற்ற முயன்றபோது தீப்பற்றியது. கதிரியக்கப் பொருள்கள் சுற்றுப்புறத்தில் பரவின.

1945இல் ஜெர்மனி வீழ்ந்தது. எந்த அச்சத்தால் இப்பணியில் இறங்கினாரோ அவ்வச்சம் நீங்கிவிட்டது. குண்டோ முடியும் நிலையில் இருந்தது. ஜப்பானுக்குச் சரணடைய வாய்ப்பளியாது அதனை வீசலாகாது என்று தலைவரை வேண்டிச் சிலார்ட் எழுதிய விண்ணப்பத்தில் விக்னரும் கையொப்பமிட்டார். அவ்விண்ணப்பம் பயன் தரவில்லை. ஆகஸ்டு 9ஆம் நாள் நாகசாகி நகரை எரித்த குண்டின் புளூட்டோனியம், அவர் வகுத்த வழியில் அமைந்த உலைகளில் விளைந்ததே. போர் முடிந்தபின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு ஆராய்ச்சித் தலைவராயிருந்துவிட்டு, 1947இல் பிரின்ஸ்டன் வகுப்பறைக்குத் திரும்பினார்.

அணு உலைகளைக் கட்டுவோருக்கு அணுக்கருவின் ஆற்றல் மட்டங்கள் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். யுரேனியம் 238 என்னும் கருவின்மீது நியூட்ரான்களைச் செலுத்தி அளந்தனர். முதலில் ஓங்கித் தெரியும் மட்டங்கள் ஏறத்தாழ 6.7, 20.9, 36.7, 66 எலெக்ட்ரான் வோல்ட் ஆகிய இடங்களில் இருந்தன. அவற்றின் இடைவெளிகள் 14, 16, 29 என வருகின்றன. இவ்வெண்களில் யாதேனும் முறை உண்டா? மேலும் நூற்றுக்கணக்கான மட்டங்களை அளந்தும் முறை புலப்படவில்லை. புலப்படாமைக்குக் காரணமும் தெளிவே. அக்கருவினுள் 238 துகள்கள் நெருக்கி நிற்கின்றன. நியூட்ரான் ஒன்று புகுந்ததும் 239 ஆகிவிடும். அவற்றிடையே உள்ள விசை முழுதும் தெரியவில்லை; தெரிந்தாலும் அத்தனைக்கும் கணக்கிட்டு முடிப்பார் இலர்.

இவ்விடத்தேதான் விக்னரின் தனிப்பெரும் துணிவு வெளிப்பட்டது. குவாண்டம் இயக்கவியலில் ஒரு பொருளின் ஆற்றல் மட்டங்களைக் காண, வரிசையும் நிரலுமாக எண்கள் அமைந்த அணி என்னும் சதுரப் பட்டியல் ஒன்றை எழுதுவர். யுரேனியத்துக்குரிய அணியில் என்னென்ன எண்கள் இருக்கும் என்று எவரும் அறியார். அறியாவிட்டால் போகட்டும், குடத்துள் கையிட்டு ஓலை எடுப்பது போலக் கண்ட எண்களை எடுத்து நிரப்பிப் பார்ப்போம் என்றார் விக்னர். ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. மூலைவிட்டத்தின் இருபுறமும் எண்கள் கண்ணாடியிற் காணும் உருவம்போல ஒத்திருத்தல் வேண்டும். இயற்கையின் சமச்சீர் வேண்டுவது அதுவே, ஏனையவெல்லாம் தற்செயல். கணக்குத் தெரியாத மாணவன் விடைத்தாளை மனம்போனபடி நிரப்புவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். ஒவ்வொரு மட்டமும் எங்கே நிற்கும் என்று சொல்வதாக விக்னர் உரிமை கொண்டாடவில்லை. இடைவெளிகளிற் பெரியவை எத்தனை, சிறியவை எத்தனை என்னும் கூட்டுக் கணக்கை மட்டுமே அவர் நாடினார். தாம் அறியாததை மறைக்காது, அதனையே கணக்கின் ஓர் உறுப்பாக்கிக் கொண்டார்.

இதனை ஓர் எளிய கணக்கால் நாமும் செய்து பார்க்கலாம். இரண்டே மட்டங்கள் உடைய ஒரு பொருளைக் கொள்வோம். அவை ஒன்றோடொன்று தொடர்பின்றி இருப்பின் 7, 4 என்னும் அளவுகளில் நிற்கும் என்போம். அப்போது இடைவெளி 3. இனி அவ்விரண்டிடையே 2 என்னும் அளவு தொடர்பு ஏற்படுகிறது. அணியின் முதல் வரிசை 7, 2; இரண்டாம் வரிசை 2, 4. முறைப்படி கணக்கிட்டால் புதிய மட்டங்கள் 8, 3 என்று வரும். இடைவெளி 5 ஆகிவிட்டது. மேலே நின்றது மேலும் ஏறிற்று. கீழே நின்றது மேலும் இறங்கிற்று. இவ்விடைவெளியைக் காணப் பெரிய கணிதம் வேண்டா. பழைய இடைவெளியாகிய 3 ஒரு பக்கம். தொடர்பின் இருமடங்காகிய 4 மற்றொரு பக்கம். இவற்றால் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தால் அதன் கர்ணமே புதிய இடைவெளி.

இப்போது ஒன்றைச் சிந்திப்போம். இரு மட்டங்களும் ஒரே இடத்தில் பொருந்த வேண்டுமாயின் கர்ணம் சுழியாதல் வேண்டும். கர்ணம் சுழியாக, இரண்டு பக்கங்களும் ஒருங்கே சுழியாதல் வேண்டும். தற்செயலாக எடுத்த எண்களில் ஒன்று சுழியாவதே அரிது. இரண்டும் ஒருங்கே சுழியாவது அரிதினும் அரிது. ஆகவே நெருங்கிய மட்டங்கள் மிகச் சிலவாகவே இருக்கும். நியூமனோடு 1929இல் கண்ட விலகல் இதுவே.

ஒரு நூலை நீள வைத்து அதன்மேல் மழைத்துளிகள் விழுமாறு விட்டால், துளிகள் ஒன்றையொன்று அறியா. சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் இடைவிட்டும் விழும். நூறு இடைவெளிகளை அளந்தால், சராசரியிற் பத்தில் ஒரு பங்கினும் சிறியவை ஒன்பது அல்லது பத்து இருக்கும். விக்னர் தந்த வாய்பாட்டின்படி ஆற்றல் மட்டங்களில் அத்தகையவை நூற்றுக்கு ஒன்றுகூட இரா. 1956இல் டென்னசி மாநிலத்தின் காட்லின்பர்க் என்னும் ஊரில் கூடிய நியூட்ரான் ஆராய்ச்சியாளர் மாநாட்டில் அவர் இவ்வாய்பாட்டைக் கூறினார். முழுமையாக நிறுவாது, இரண்டு மட்டக் கணக்கைக் கொண்டு துணிந்து ஊகித்ததே அது. ஊகம் என்ற பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. மாபெரும் அணிகளுக்குச் செய்த சரியான கணக்கும் அதனோடு ஏறத்தாழ ஒத்திருந்தமை வியப்புக்குரியது. 1982இல் 27 வகை அணுக்கருக்களில் அளந்த 1407 மட்டங்களைத் திரட்டிப் பார்த்தபோது, தற்செயல் அணிகளின் கணக்கு மிக நன்றாகப் பொருந்தியது.

விக்னர் திறந்த வழியில் பலர் நடந்தனர். டைசன் என்பார் 1962இல் இக்கணக்குகளை மூவகையாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். இராஜஸ்தானத்திற் பிறந்து பிரான்சு நாட்டிற் பணியாற்றிய மதன்லால் மேத்தா, 1967இல் தற்செயல் அணிகளைப் பற்றி எழுதிய நூல் அத்துறைக்கே முதல்நூலாயிற்று. அணுக்கருவுக்கென்று பிறந்த கணக்கு பிற பொருள்களுக்கும் பொருந்துவது பின்னர்த் தெரிந்தது.

கேரம் பலகை ஒன்றை எண்ணுவோம். வெறும் சதுரப் பலகையில் உராய்வின்றி ஓடும் காயின் வழியை எளிதிற் கூறிவிடலாம். நடுவே வட்டமான தடை ஒன்றை வைத்துவிட்டால், தொடக்கத்தில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் சில மோதல்களுக்குப் பின் வழி முற்றும் மாறிவிடும். இத்தகைய பலகையில், காய்க்கு மாறாகக் குவாண்டம் விதிப்படி நடக்கும் துகள் ஒன்றை இட்டால் அதன் ஆற்றல் மட்டங்கள் எப்படியிருக்கும்? 1984இல் பொஹிகாஸ் முதலிய மூவர் கணக்கிட்டனர். விக்னரின் இடைவெளிகளே வந்தன. 239 துகள்களின் நெரிசல் வேண்டா. ஒரே துகளாயினும் அதன் இயக்கம் குழம்பியதாயிருந்தால் போதும் என்று அவர்கள் துணிந்தனர். குவாண்டம் கேயாஸ் என்று அறிஞர் வழங்கும் துறைக்கு இம்முடிவு அடிக்கல் ஆயிற்று.

அணுக்கள் ஒழுங்கு குலைந்து நிற்கும் பொருள்களிலும் இதுவே காணப்படுகிறது. மாசு கலந்த உலோகத்தில் எலெக்ட்ரான் எங்கும் உலவுமாயின் அதன் மட்டங்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்கும். மாசு மிகமிக, எலெக்ட்ரான் ஓரிடத்திலேயே சிறைப்பட்டுவிடும் என்று 1958இல் ஆண்டர்சன் காட்டினார். தொலைவான இரண்டு இடங்களில் சிறைப்பட்ட நிலைகளிடையே தொடர்பு இல்லை. நம் முக்கோணத்தின் ஒரு பக்கம் சுழியாயிற்று, விலகலும் மறைந்தது, மட்டங்கள் மழைத்துளிபோல விழத் தொடங்கின. ஆகவே இடைவெளிகளை எண்ணியே ஒரு பொருள் மின்சாரத்தைக் கடத்துமா, தடுக்குமா என்று கூறலாம். நாம் அன்றாடம் காணும் கண்ணாடியும் இவ்வகையதே. அது கல்போல் உறுதியாயிருப்பினும் அதன் அணுக்கள் படிகத்தைப்போல் அணிவகுத்து நில்லாமல், கூட்டத்தில் நின்றாற்போல் முறையின்றி நிற்கின்றன. இத்தகைய பொருள்களின் அதிர்வுகளைக் கணிப்பொறிகளில் கணக்கிட்டோர், அணுக்கூட்டம் முழுதும் பரவும் அதிர்வுகளின் இடைவெளிகளிலும் விக்னரின் விதியைக் கண்டனர்.

1959இல் நியூயார்க்கில் ஆற்றிய உரை ஒன்றில், மனிதர் தம் மனமகிழ்ச்சிக்காக இயற்றிய கணிதம் இயற்கையோடு இத்துணை நுட்பமாகப் பொருந்துவது ஏன் என்று விக்னர் வினவினார். அதற்கு விடை தமக்குப் புலப்படவில்லை என்பதையும் மறைத்தாரல்லர். அடுத்த ஆண்டு அச்சான அவ்வுரை இன்றளவும் படிக்கப்படுகிறது. 1963இல் நோபெல் பரிசின் ஒரு பாதி அவருக்கும், மறுபாதி மரியா கோப்பர்ட் மேயர், ஜென்சன் ஆகிய இருவருக்கும் அளிக்கப்பட்டன. அணுப்போர் மூளின் மக்களைக் காக்க நிலவறைகள் வேண்டும் என்று அவர் வலியுறுத்தி வந்தார்; அறிஞருள் உடன்படாதார் பலர்.

அவருடைய பணிவு பிரின்ஸ்டன் நகரிற் பழமொழி போலாயிற்று. வாயிலை நெருங்கினால் உடன்வருவோரை முன்னே விடாது தாம் புகமாட்டார், மாணவராயினும் அவ்வாறே. வகுப்பில் ஒருவர் பிழைபடக் கூறினால், அது தமக்கு விளங்கவில்லை என்று மெல்ல வினவுவார். அவ்வினாவைக் கேட்டதும் கூறியவர் தம் பிழையைத் தாமே தேடத் தொடங்குவார்.

1971இல் ஓய்வு பெற்றார். பள்ளித்தோழர் நியூமன் 1957இலும் சிலார்ட் 1964இலும் மறைந்துவிட்டனர். மனைவியார் மேரியும் 1977இல் காலமானார். பின்னர் எய்லீன் ஹாமில்டன் என்னும் அம்மையாரை மணந்தார். 1995ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் பிரின்ஸ்டன் நகரிலேயே விக்னர் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு அகவை 92.